நான் சொல்லாமல் விட்ட வியாழக்கிழமை

உங்களில் யாராவது சர்வருக்குள் நேராக நுழைந்து, ஒரே ஒரு வரியைக் கையால் மாற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்ததுண்டா? கை தூக்க வேண்டாம். நானே தூக்கிவிடுகிறேன். பதினோரு வருஷம் அதைத்தான் செய்தேன். அதற்குச் சம்பளமும் மரியாதையும் கிடைத்தன.

வலைத்தளத்தின் புதிய பதிப்புகளைச் சர்வரில் கையால் ஏற்றிக்கொண்டிருந்த வேலையைத் தானியங்கி முறைக்கு எப்படி மாற்றினோம் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். அந்த மாற்றம் வந்தபோது நான் எப்படி நடந்துகொண்டேன் என்பது மட்டும் என்னைத் தவிர வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் மீனாட்சிபுரத்தில் ஒரு மாட்டுத்தீவனக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வாரம் பிண்ணாக்கு வாசனையில் தலை வலிக்கும், இரண்டாம் வாரம் அது இல்லாவிட்டால் தலை வலிக்கும். சுற்று வட்டாரத்துப் பால் சங்கங்களுக்கு ஒரு வலைத்தளம் நடத்தினோம். காலையில் ஒவ்வொரு சங்கமும் தன்னிடம் எத்தனை லிட்டர் சேர்ந்திருக்கிறது என்று அதில் பதியும். எந்தச் சங்கத்துக்கு முதலில் போவது, எதற்கு அடுத்து போவது என்று தளம் டேங்கர் டிரைவருக்கு வரிசை போட்டுக் கொடுக்கும். சின்னச் சங்கங்களில் பாலைக் குளிர வைக்கும் இயந்திரம் கிடையாது. கேனில் இருக்கும் பால் கோடையில் ஒன்பதரைக்கு மேல் தாங்காது. வரிசை தவறினால் பால் கெட்டுவிடும் என்பதால் எங்கள் வேலையில் தப்பு நடந்தால் மூக்குக்கே தெரிந்துவிடும்.

ஆகவே புதிய பதிப்பை ஏற்றும் நேரத்தை நாங்கள் முடிவு செய்யவில்லை, மாடுகள் முடிவு செய்தன. காலைக் கறவை முடிந்து டேங்கர் டெய்ரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, மாலைக் கறவை தொடங்கும் முன், பதினொன்றிலிருந்து இரண்டு வரை. அந்த மூன்று மணி நேரமும் என்னுடையது. இருபத்தேழு படிகள், எல்லாம் என் தலைக்குள். கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே யாராவது சத்தமாகப் பேசினால், "உஷ், சார் பூஜையில இருக்காரு" என்று அடக்குவார்கள். கேலிதான். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த இருபத்தேழில் கடைசிப் படி ஒரு வரி. வியாழக்கிழமை மாட்டுச்சந்தை. அன்று காலை மாட்டு லாரிகள் மெயின் ரோட்டை அடைத்து நிற்கும், இரண்டு மணி நேரம் எதுவும் நகராது. ஆகவே அன்று மட்டும் டேங்கர் கால்வாய்க்கரை வழியாகப் பள்ளத்தோட்டம் சங்கத்துக்கு முதலில் போக வேண்டும். பழைய டிரைவர் ஒருவர் எனக்குச் சொன்ன விஷயம் இது. சொன்ன அன்றே சர்வருக்குள் போய் அந்த வரியைச் சேர்த்தேன். எல்லோருடைய நிரலும் சேர்ந்திருக்கும் இடத்தில் சேர்க்கவில்லை. அதனால் ஒவ்வொரு புதிய பதிப்பும் அதை அழித்துவிடும், நான் மறுபடி கையால் சேர்ப்பேன். முதலில் சோம்பல்தான் காரணம். பிறகு வேறு காரணம் வந்தது: நான் கை வைக்காமல் எதுவும் சரியாக ஓடாது என்ற சுகம்.

அப்போதுதான் ஜெசிந்தா சேர்ந்தாள். கேரள மலையில் இருக்கும் ஏலப்பாறைப் பெண். அப்பா இல்லை, அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். ஆறு மாதம் வேலை பார்த்துக் காட்டிய பிறகுதான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லி எடுத்திருந்தார். ஐந்தாம் மாதம் அவள் முதலாளியிடம் போய், பொத்தானைத் தட்டினால் பதிப்பு தானாக ஏறிவிடும்படி செய்து காட்டுகிறேன் என்றாள்.

"சாரோட இருபத்தேழு படியுமா?" என்றார் முதலாளி. அவர் விவசாயக் குடும்பத்துக்காரர், வீட்டில் எட்டு மாடு உண்டு, படிகள் என்றால் அவருக்கு மரியாதை.

"எல்லாமே. நாலு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகக் கேட்டு எழுதினாள். இருபத்தாறு சொன்னேன். கடைசியில் பேனாவை மூடாமலே கேட்டாள்.

"அவ்வளவுதானா சார்? சர்வர்ல நீங்க கையால மாத்தி வச்சது வேற ஏதும் இருக்கா?"

"இல்லம்மா."

பிற்பாடு எல்லோரிடமும் மறந்துபோய்விட்டது என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். மறக்கவில்லை. அந்தக் கேள்வி வந்தபோது அந்த வரி என் கண் முன்னால் நின்றது.

கெட்ட எண்ணம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. புதன்கிழமை நடுப்பகலில் அவள் ஏற்றுவாள், வியாழன் காலை ஆறரைக்கு நான் வீட்டிலிருந்து உள்ளே போய் வரியைச் சேர்த்துவிடுவேன், பால் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் முதலாளியிடம், "நல்லாத்தான் பண்ணியிருக்கா, ஒரு இடம் மட்டும் விட்டுப்போச்சு, நான் பாத்துக்கிட்டேன்" என்பேன். யாருக்கும் நஷ்டமில்லாமல் என் இடம் எனக்கு இருக்கும். இவ்வளவுதான் திட்டம்.

புதன்கிழமை நாலே நிமிஷத்தில் ஏறியது. அலுவலகமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

வியாழன் காலை ஆறரைக்கு மடிக்கணினியைத் திறந்து உள்ளே போகப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடியும் முயன்றேன், மறுபடியும் இல்லை. யாரும் கையால் உள்ளே நுழைய முடியாதபடி அவள் கதவை அடைத்துவிட்டிருந்தாள். நல்ல முறை அதுதான், நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். என்னென்ன மாறும் என்று அவள் முன்பே சொன்ன பட்டியலில் அதுவும் இருந்தது. நான் காதில் வாங்கவில்லை.

டேங்கர் கிளம்ப நாற்பது நிமிஷம் இருந்தது. டிரைவரை அழைத்தேன். அவர் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"கால்வாய்க்கரை வழியா பள்ளத்தோட்டம் போயிருங்க மொதல்ல."

"பேஜ்ல அப்படி இல்லையே சாரே. பேஜ்ல உள்ளபடி போனாப் போதும்னு முதலாளி சொல்லியிருக்காரு. முதலாளியை விட்டுச் சொல்லச் சொல்லுங்க."

முதலாளியை அழைத்தால் ஏன் என்று கேட்பார். ஜெசிந்தாவை அழைத்தால் ஐந்தே நிமிஷத்தில் சரி செய்துவிடுவாள், ஆனால் அன்று கேட்டபோது ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்பாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷமும் உட்கார்ந்திருந்தேன். நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். என் வாழ்க்கையின் பெரிய நெருக்கடியில் நான் எடுத்த முடிவு இதுதான்: டம்ளரில் இருந்த காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேங்கர் சந்தைக்கு வந்த மாட்டு லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பத்தரை மணிக்குப் பள்ளத்தோட்டம் சங்கத்தின் செயலாளர் ருக்மணி அக்கா ஸ்கூட்டரில் ஒரு கேனைக் கட்டிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். வரும்போதே குரல் வந்துவிட்டது.

"யாருங் அது பொத்தானைத் தட்டுனது? வாங்க, வந்து மோந்து பாருங்க! எட்டுக் கேனு! நாங்க என்ன, தென்னைக்கு ஊத்தறதுக்கா மூணு மணிக்கு எந்திரிச்சுக் கறக்கறோம்?"

எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"நான்தான்க்கா."

"நீயா கண்ணு? பாலுன்னா பாக்கெட்ல வாரதுன்னு நெனச்சுட்டியா?"

முதலாளி முகம் சுருங்கிப் போயிருந்தது. "ஏம்மா, சாரு பதினோரு வருசம் பண்ணாரு. ஒரு நா இப்புடி ஆனதில்லியே."

அப்போது நான் வாய் திறந்தேன். இந்தக் கட்டுரையில் எழுதவே கூசும் இடம் இது. நான் சொன்னது: "சின்னப் பொண்ணுங்க, விடுங்க."

எவ்வளவு பெருந்தன்மை! ருக்மணி அக்கா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஜெசிந்தா ஊருக்குப் போய் இருக்கட்டும், வேலை உண்டா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். அவள் சர்வரின் கதவை மறுபடி திறந்துவிட்டு, கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். என்னை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. நான் உள்ளே போய் ஒரு நிமிஷத்தில் வரியைச் சேர்த்தேன். "சாருன்னா சாருதானுங்க" என்று முதலாளி கீழே டீக்கடையிலிருந்து எனக்கு வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வரவழைத்தார். சூடாக இருந்தது. சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் நாற்காலி காலியாக இருந்தது. அவள் என்னை நம்பிக் கேட்ட கேள்விக்கு நான் பொய் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி, தேனி, கம்பம், குமுளி. நான்கு பஸ் மாறினேன். வழி முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். தேனி வரும் முன் 'தவறுதலாக' என்ற சொல்லை எடுத்தேன். கம்பத்தில் 'எதிர்பாராமல்' போயிற்று. குமுளி மலை ஏறும்போது சொல்ல மிச்சமிருந்தது இரண்டே சொல்.

ஏலப்பாறையில் மழை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தது அவள் அம்மா.

"யாருய்யா? மழையில இப்படி நனைஞ்சுட்டு வந்திருக்கீக. உள்ள வாங்க மொதல்ல. ஏட்டி, துண்டை எடு!"

துண்டோடு வந்த ஜெசிந்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். "சாரா? இம்புட்டு தூரமா?"

அம்மாவுக்கு ஆள் யார் என்று புரிந்துவிட்டது. துண்டை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ரொம்ப நேரம் நலம் விசாரிக்கும் வகை அல்ல அவர்.

"ஐயா, நான் படிக்காதவ. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எம்மவ தப்பு செஞ்சாளா இல்லையா?"

"இல்லைங்க. நான் செஞ்சேன்."

ஜெசிந்தா உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எனக்குத் தெரியும் சார். வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்லயே தெரிஞ்சுபோச்சு. நான் கை வைக்கும் முன்னாடி பழைய சர்வரை அப்படியே ஒரு நகல் எடுத்து வச்சிருந்தேன். அதையும் நான் ஏத்துன புதுசையும் ஒப்பிட்டுப் பாத்தா ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். அதுக்கு மேல உங்க குறிப்பு வேற. 'வியாழன் சந்தை. யாரும் தொடாதே.'"

"அப்ப ஏம்மா முதலாளிகிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் போறேன். எழுதி வச்சிருக்கேன் பாருங்க, திங்கக்கிழமை காலையில அனுப்பலாம்னு."

திரையைத் திருப்பினாள். முதலாளிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். முதல் வரியில் நான் மதிப்பிற்குரியவன். மூன்றாம் வரியில் பொய்யன். ஐந்தாம் வரிக்குப் பிறகு வேகம் பிடித்திருந்தாள்.

"என்னட்டி எழுதியிருக்க?" என்றார் அம்மா.

நான்தான் சொன்னேன். "நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்குங்க."

"சரியாத்தான எழுதியிருக்கா?"

"சரிதாங்க. ஒரு இடத்துல மட்டும் எழுத்துப் பிழை."

அம்மாதான் முதலில் சிரித்தார். கையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. பிறகு ஜெசிந்தா. எனக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்தும் நானும் சிரித்தேன். பதினோரு வருஷத்துச் சுமை ஒரு எழுத்துப் பிழையில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

சிரித்து முடித்ததும் அவள் ஒன்று சொன்னாள். "என் தப்பும் ஒண்ணு உண்டு சார். ஏத்தும் முன்னாடியே ஒப்பிட்டுப் பாத்திருக்கணும். நீங்க இல்லன்னு சொன்னீங்க, நம்பிட்டேன்."

உங்களுக்கு நான் தரக்கூடிய பாடம் என்று ஒன்று இருந்தால் அது இதற்குள்தான் இருக்கிறது. மூத்தவர் சொன்னார் என்பதற்காக எதையும் விடாதீர்கள். அவர் நல்லவராகவே இருந்தாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் மூத்தவரானால், ஒப்பிட்டுப் பார்ப்பவர் மேல் வருத்தப்படாதீர்கள்.

"கடிதத்தை அனுப்பும்மா" என்றேன்.

"எதுக்கு? நீங்களே வந்துட்டீங்களே. நீங்களே சொல்லுங்க."

லயத்தில் சிக்னல் கிடையாது. தெருமுனையில் சின்னச் சிலுவைக் கோயிலான குருசடிப் பக்கம் ஒரு இடத்தில் நின்றால் கிடைக்கும். ஒரு குடைக்குள் மூன்று பேர் நின்றோம். முதலாளியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நாற்பது நிமிஷம் உட்பட. அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது.

"ஏனுங் சார்... நெசமாவா?"

"நெசந்தானுங்க."

"எட்டுக் கேனுமா?"

"எட்டும் என்னாலதானுங்க."

"உங்களுக்குப் பழம்பொரி வேற வாங்கிக் குடுத்தனுங்களே!"

ஜெசிந்தா குடையை என் கையில் திணித்துவிட்டு மழையில் தள்ளிப்போய் நின்று சிரித்தாள். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை.

"சார், உங்க வயசுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தப் புள்ளைய ருக்மணி அக்கா அத்தன பேரு முன்னாடி வெஞ்சாங்க. அக்கா ஒத்துக்கிட்டா அந்தப் புள்ளைக்கு வேல. திங்கக்கெழம காலம்பர சங்கத்துக்குப் போயி, அத்தன பேரு முன்னாடி நீங்களே சொல்லோணும். நான் ஒரு வார்த்த பேசமாட்டேன்."

திங்கள் காலை ஆறு மணிக்குப் பள்ளத்தோட்டம் சங்கத்தில் கேனும் தூக்குமாக முப்பது பேராவது வரிசையில் நின்றார்கள். முதலாளி சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். ஜெசிந்தா மடிக்கணினியைப் பால் அளக்கும் மேஜையின் ஓரத்தில் வைத்தாள். நான் வரிசைக்கு முன்னால் போய்ச் சொன்னேன். எதையும் விடவில்லை.

ருக்மணி அக்கா அளவைக் குவளையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக அவளிடம் போனார்.

"ஏங்கண்ணு, நான் அன்னைக்கு அந்தப் பேச்சு பேசுனனே, நீ ஏன் வாயத் தொறக்கல?"

"அப்ப எனக்கும் தெரியாதுக்கா. என் மேலதான் தப்புன்னு நெனச்சேன்."

அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் பேசியதை அப்படியே எழுத முடியாது. வெள்ளைச் சட்டை, கண்ணாடி, படிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காயப்போட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கேட்பதற்காக முன்னால் வந்தார்கள்.

மூச்சு வாங்க அவர் நிறுத்தியபோது ஜெசிந்தா சொன்னாள். "அக்கா, ஒண்ணு காட்டட்டுமா? பஸ்ல வரும்போது செஞ்சேன். இப்ப அந்த வரி எல்லாரும் பாக்குற இடத்துல இருக்கு. இன்னொண்ணும் சேத்திருக்கேன். எந்தப் பதிப்பும் வெளிய போறதுக்கு முன்னாடி அதுவே கேட்டுக்கும்: வியாழக்கிழமையானா பள்ளத்தோட்டம் முதல்ல வருதா? வரலன்னா போகாது. இதோ, வரியை எடுத்துட்டேன். இப்ப ஏத்தப் பாக்கேன்."

பொத்தானைத் தட்டினாள். முப்பது பேரும் கழுத்தை நீட்டினார்கள். திரையில் சிவப்பு வந்தது.

"நின்னுபோச்சு!" என்று ஒருவர் கத்தினார். காளை ஓட்டத்தில் ஜெயித்த மாதிரி ஒரு சத்தம் எழுந்தது.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தூக்குப்போசியோடு நின்ற ஒரு பெரியவர், "ஏனம்மணி, கால்வாயில தண்ணி தொறந்து உட்டா கரையில வண்டி போவாதே, அது தெரியுமா உன்ற பொட்டிக்கு?" என்றார். தெரியாது என்றாள். எனக்கும் தெரியாது. இன்னொருவர், தேர் நாளில் கோயில் தெரு அடைப்பு என்றார். ஒரு அம்மா, மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்குவதைச் சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் ஒரு வரியைப் பூட்டி வைத்துக்கொண்டு பெரிய ஆளாக இருந்தேன். இவர்களிடம் முப்பது இருந்தது, கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். ஜெசிந்தாவின் விரல்கள் பிடிக்காமல் திணறின. "சார், பாத்துட்டு நிக்கீங்களே, எழுதுங்க!" என்று ஒரு நோட்டை என் மேல் எறிந்தாள். கேன் மூடி மேல் வைத்து எழுதினேன்.

"என்னங்கக்கா, புள்ளைய வேலைக்கு வெச்சுக்கட்டுமா?" என்று சுவரோரமிருந்து முதலாளி கேட்டார்.

"வெச்சுக்காட்டி நாங்க வெச்சுக்கறோம்" என்றார் அக்கா. கறந்த பாலில் ஒரு டம்ளர் எடுத்துச் சுட வைத்து, சர்க்கரை போட்டு ஆற்றி ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார். முதலாளிக்கு ஒன்று கொடுத்தார். பாத்திரத்தை மூடிவிட்டார்.

"சாருக்கு?" என்றாள் ஜெசிந்தா.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாருக்கு வியாழக்கெழம. டேங்கரு வந்து சேந்ததுக்கு அப்பறம்."